வீட்டுல வச்சுப் பாக்க ஒரு போர்க்கால உளவாளிக் காதல் படம் (முடிவைச் சொன்னா பதிவைத் தூக்கிருவோம்)

கொக்கிரகுளத்தான் – வெள்ளி, இரவு 12:20

மழை விட்டபாடில்ல. ஆத்துல தண்ணி ஏறி தைப்பூச மண்டபம் பாதி முங்கிட்டுன்னு சாயந்திரமே பயலுவ போட்டோ எடுத்துப் போட்டுட்டானுவ. அம்மாவும் பிள்ளையளும் ஒம்பதரைக்கே படுத்தாச்சு. நானும் எங்க வீட்டுக்காரியும் பட்டாசல்ல டிவியைப் போட்டு உக்காந்தோம். ரொம்ப நாளா பாக்கணும் பாக்கணும்னு தள்ளிட்டே வந்த படம், 'அலைட்'. 2016ல வந்தது. பிராட் பிட், மரியன் கோட்டியார். எடுத்தது ராபர்ட் ஸெமெக்கிஸ்.

கதை இதுதான். 1942, ரெண்டாம் உலகப் போர் நேரம், மொராக்கோவுல காஸாபிளாங்கா. கனடாக்கார உளவு அதிகாரி ஒருத்தன் பாராசூட்ல பாலைவனத்துல வந்து எறங்குதான். அங்க ஒரு பிரெஞ்சுக்காரி, ஜெர்மன்காரனை எதிர்க்கித ரகசியப் படை ஆளு, எம் புருஷன் பாரிஸ்ல இருந்து வாரான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா. ரெண்டு பேரும் முன்ன பின்ன பாத்துக்கிட்டதே கிடையாது. தம்பதியா நடிச்சு ஜெர்மன் தூதரைச் சுடணும். சுட்டுட்டு லண்டனுக்குத் தப்பி வந்து நெசமாவே கல்யாணம் முடிச்சுக்கிடுதாவ. பொம்பளப் பிள்ளை ஒண்ணு பொறக்கு. அதுக்குப் பொறவு ஒரு நாள் மேலதிகாரி கூப்பிட்டு, ஒம் பொண்டாட்டி ஜெர்மன்காரனுக்கு ஆளுன்னு சந்தேகம், ரெண்டு மூணு நாள்ல தெரிஞ்சிரும், உண்மைன்னா நீயே ஒங் கையால சுடணும்ங்கான்.

முதப் பாதி வெயிலும் பட்டு உடுப்புமா பகட்டா போவும். ரெண்டாம் பாதி முழுக்க ஒரு வீடுதான். சமையக்கட்டு, தொட்டில், மாடிப்படி, போன். ராத்திரி வேணும்னே ஒரு பொய்த் தகவலைப் போன்ல சொல்லுதாவ. இவன் அதைத் தாள்ல குறிச்சு, அவ கண்ணுல படுத மாதிரி வச்சிட்டு வந்து பக்கத்துல படுக்கான். அந்தத் தகவல் ஜெர்மனிக்குப் போய்ச் சேந்துட்டா அவதான். இவனுக்குத் தூக்கம் வரல. அவ தூங்குதாளா இல்லையான்னு நமக்கும் பிடிபடல. காலைல சொதிக்குச் சின்ன உள்ளி உரிச்சிட்டு இருந்த எங்க வீட்டுக்காரி கத்தியைக் கீழ வச்சிட்டா.

தியேட்டர்ல பாத்திருந்தா இது எடுபட்டிருக்காது. அவன் உளவு பாக்கிறதே சொந்த வீட்டைத்தான். நாமளும் நம்ம வீட்டுக்குள்ள உக்காந்து பாக்கணும்.

சொதிப்பிரியன் – வெள்ளி, இரவு 12:41

உள்ளி உரிச்ச கதையக் கேட்டதும் எனக்குப் பசி வந்துட்டு அண்ணாச்சி. ஆனா படத்தப் பத்தி ஒரு வார்த்தை. நான் அது வந்த புதுசுலயே பாத்தேன். கொட்டாவிதான் வந்துது. போர்ப் படம்னு போனா சண்டை மொத்தமே ரெண்டு மூணு எடத்துல. மிச்ச நேரம் அந்தம்மா உடுப்பையே காட்டிட்டு இருக்கான்.

கொக்கிரகுளத்தான் – வெள்ளி, இரவு 12:50

அந்தப் படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைச்சதே உடுப்புக்குத்தாம்வே. சண்டைன்னு ஒக்காந்தா ஏமாந்துதான் போவீரு.

சண்டையவிட எனக்குப் பிடிச்சது, தூதர் விருந்துக்கு அழைப்பு வாங்கப் போற எடம். இவன் பாஸ்பேட் சுரங்கக் கம்பெனி இஞ்சினியர்னு சொல்லிட்டுப் போயிருக்கான். ஜெர்மன்காரன் சிரிச்சுப் பேசிக்கிட்டே ஒரு தாளை நீட்டி, பாஸ்பேட்டுக்கு வேதியல் குறியீடு எழுதுங்கான். துப்பாக்கி இல்ல, மிரட்டல் இல்ல. பிளஸ் டூ பரிச்சைல வாத்தியாரு தலைக்கு மேல வந்து நிப்பாருல்லா, அந்தப் பயம்.

பேட்டை பைபாஸ் – சனி, காலை 7:05

பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்கலாமா?

கொக்கிரகுளத்தான் – சனி, காலை 7:30

வேண்டாம். மொராக்கோ பகுதி முடியப்போற நேரத்துல மணல் புயல்ல காருக்குள்ள ஒரு காட்சி வரும். லண்டன் வீட்டுல ஒரு விருந்து நடக்கும், அதுவும் சின்னப் பிள்ளையளுக்கு ஆவாது. பெரியவுகளோட பாக்கதா இருந்தா புயல் சத்தம் கேட்டதுமே காப்பி போட எந்திரிச்சிருங்க. ரிமோட்டை மட்டும் அம்மா கையில குடுத்திராதிய. எங்க அம்மா ஒரு தடவ பதட்டத்துல நிறுத்தப் போயி, அந்தக் காட்சியவே உறைய வச்சிட்டா.

அம்பை மைனி – சனி, காலை 9:15

நான் போன வருஷமே பாத்துட்டேன். எங்க வீட்டுல இதுக்கு ஒரு சண்டையே நடந்துது.

நம்ம பக்கம் கல்யாணம்னா என்ன செய்வாவ? பொண்ணு தெருவுக்கு ஆள் அனுப்புவாவ. பலசரக்குக் கடையில கேப்பாவ, கோயில் பூசாரிகிட்ட கேப்பாவ, 'சும்மா இந்தப் பக்கம் வந்தேன்'னு ஒரு சித்தி வந்து அடுக்களை வரைக்கும் எட்டிப் பாத்துட்டுப் போவா. அந்தச் சித்தியை விட்டா லண்டன் உளவுத்துறைய ஒத்தையில நடத்திருவா. நாம கல்யாணத்துக்கு முன்னாடி விசாரிக்கோம். இந்த மனுசன் பிள்ளை பொறந்த பொறவு விசாரிக்கக் கெளம்புதான்! பழைய போட்டோவைத் தூக்கிட்டு அலையுதான், கண்ணு தெரியாத ஒரு ஆள்கிட்ட போயிக் கேக்கான், விமானம் ஏறிப் பிரான்ஸுக்கே போறான். பொண்டாட்டிகிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கான். எங்க வீட்டுக்காரரு 'கேட்டா உஷாராயிருவால்லா'ங்காவ. 'கேக்காமலே உஷாராத்தான் இருக்கோம்'னு சொன்னேன். அன்னைக்கி ராத்திரி பேச்சுவார்த்தை கிடையாது.

அந்த மொட்டைமாடி காட்சிய யாரும் சொல்லலியே? காஸாபிளாங்காவுல புருஷன்மாரு பொண்டாட்டியோட இருந்துட்டு மாடிக்குப் போயிருவாவளாம், அக்கம்பக்கத்து ஆளுவ பாத்துட்டு இருக்கும், நீயும் போய்ப் படுன்னு அவ இவனை வெரட்டுதா. எங்க தெருவுல மே மாசம் கரண்ட் போனா எல்லா ஆம்பளையளும் காஸாபிளாங்காதான்.

சொதிப்பிரியன் – சனி, காலை 9:22

மைனி 😂😂 அந்தச் சித்திய எனக்குத் தெரியும்.

தென்காசி சாரல் – சனி, காலை 9:50

அவன் பேசுற பிரெஞ்சு கியூபெக் பிரெஞ்சு, பாரிஸ்காரன்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்னு அவ திருத்திக்கிட்டே இருப்பா. நம்ம ஆளு மெட்ராஸ்ல போயி மயிலாப்பூர்க்காரன்னு சொல்லிட்டு, பஸ்ல கால மிதிச்சவனைப் பாத்து 'ஏலே'ன்னா எப்பிடி இருக்கும்!

வாய்தா – சனி, காலை 10:40

வக்கீல் புத்தி, மன்னிக்கணும். படம் நல்ல படம்தான். ஆனால் கதையின் அச்சாணியே சட்டப்படி நிற்காது. பிரிட்டனில் பிடிபட்ட ஜெர்மன் உளவாளிக்கு என்றே 1940இல் துரோகச் சட்டம் கொண்டுவந்தார்கள். விசாரணை உண்டு, தீர்ப்பு உண்டு, அதற்குப் பிறகுதான் தூக்கு. ராணுவ நீதிமன்றம் என்றால் துப்பாக்கி. யோசப் யாக்கோப்ஸ் என்ற உளவாளியை 1941 ஆகஸ்டில் லண்டன் கோபுரத்தில் வைத்துச் சுட்டார்கள். கால் உடைந்து கிடந்ததால் நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள். அந்தக் கோபுரத்தில் நடந்த கடைசி மரண தண்டனை அது. புருஷன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து நீயே முடித்துவிடு என்பதெல்லாம் திரைக்கதை போட்ட முடிச்சு.

இன்னொன்று. அந்தக் காலத்தில் லண்டனில் ஒரு ஜெர்மன் உளவாளி சுதந்திரமாக நடமாடியிருக்கவே முடியாது. வந்தவன் அநேகமாக எல்லாம் பிடிபட்டான், அல்லது பிரிட்டன் பக்கம் திரும்பினான். அதைக் கவனிக்கத் தனிக் குழு இருந்தது. ரோமன் எண்ணில் 20 என்றால் இரண்டு எக்ஸ், இரண்டு எக்ஸ் என்றால் இரட்டைத் துரோகம். அதனால் 'இருபதாம் குழு' என்று விளையாட்டாகப் பெயர் வைத்தார்கள். தலைவர் மாஸ்டர்மன் என்ற ஆக்ஸ்போர்டு வரலாற்றாசிரியர். பிரிட்டனில் இருந்த ஜெர்மன் உளவு அமைப்பையே நாங்கள்தான் நடத்தினோம் என்று 1972இல் வெளிவந்த புத்தகத்தில் எழுதினார்.

நைட் ஷிஃப்ட் – சனி, பகல் 11:10

வாய்தா சார், நீங்க கோர்ட்ல பாக்குற மாதிரி பாக்குதீங்க. நான் வார்டுல பாக்குற மாதிரி பாத்தேன்.

அந்தப் பொய்த் தகவல் சோதனைக்குப் படத்துல நீலச் சாயம்னு பேரு. எங்களுக்குப் புரியுற விஷயம். வயித்துக்குள்ள எங்க புண்ணு, எங்க அடைப்புன்னு தெரியலைன்னா வெள்ளையா ஒரு மருந்தக் குடிக்க வச்சு எக்ஸ்ரே எடுப்போம். அது போற வழியப் பாத்தா நோவு எங்கன்னு தெரியும். ரிசல்ட் வரதுக்குள்ள வீட்டு ஆளுங்க முகத்தப் பாத்திருக்கீங்களா? வராண்டாவுல உக்காந்து சம்பந்தமே இல்லாம டீ விலை, பஸ் நேரம்னு பேசுவாங்க. பிராட் பிட் மூஞ்சி அந்த மூஞ்சிதான். ஜாஸ்தி நடிக்கலைன்னு நிறைய பேர் திட்டுனாங்க. வராண்டாவுல யாரும் ஜாஸ்தி நடிக்க மாட்டாங்க.

குண்டு விழுந்துட்டு இருக்கையில ஆஸ்பத்திரிக்கு வெளிய தெருவுல வச்சுப் பிரசவம் காட்டுவாங்க. அந்த வெளிச்சம், அந்தப் பிரமாண்டமெல்லாம் சினிமா. ஆனா கட்டிலோட தள்ளிக்கிட்டு ஓடுற அந்த நர்சுங்க வேகம் இருக்கே, அது சரியா இருக்கு.

கொக்கிரகுளத்தான் – சனி, பகல் 12:15

வாய்தா சொன்னதுல ஒரு சந்தேகம். நெசமான உளவாளியளும் பொண்டாட்டி பிள்ளையோட இருந்திருப்பானுவல்லா. அவுக கதை ஏதாவது தெரியுமாவே?

வாய்தா – சனி, மாலை 4:30

தெரியும். மத்தியானம் முழுக்க இதைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன், கட்சிக்காரர் யாரும் மழையில் வரவில்லை.

ஜுவான் புஜோல் கார்சியா. பார்சிலோனாக்காரன். ஹிட்லரைப் பிடிக்காது. நான் உங்களுக்கு உளவு பார்க்கிறேன் என்று பிரிட்டிஷ்காரனிடம் போய் நின்றான், விரட்டிவிட்டார்கள். மறுபடியும் போனான், மறுபடியும் அதே. சரியென்று ஜெர்மன்காரனிடம் போய் அவர்களுக்கு உளவாளியாகச் சேர்ந்துவிட்டான். இங்கிலாந்து போகிறேன் என்று சொல்லிவிட்டு லிஸ்பனில் உட்கார்ந்துகொண்டு, சுற்றுலாக் கையேட்டையும் ரயில் அட்டவணையையும் வைத்துக் கதை கதையாக அனுப்பினான். இங்கிலாந்தை அவன் கண்ணால் பார்த்ததே இல்லை. க்ளாஸ்கோக்காரன் ஒரு லிட்டர் ஒயினுக்கு என்ன வேண்டுமானாலும் செய்வான் என்று ஒரு முறை எழுதினான். அது விஸ்கி ஊர்! அதையும் ஜெர்மன்காரன் நம்பினான்.

1942இல் பிரிட்டன் அவனைக் கூட்டிக்கொண்டது. ஹாலிவுட் நடிகை கிரெட்டா கார்போவை நினைத்து, கார்போ என்று பெயர் வைத்தார்கள், நன்றாக நடிக்கிறான் என்பதால். அவனுக்குக் கீழே 27 உளவாளிகள் வேலை பார்ப்பதாக ஜெர்மன்காரனுக்குக் கணக்கு. 27 பேரும் காற்றில் செய்த ஆட்கள். அந்த 27 பேருக்கும் ஜெர்மனி சம்பளம் அனுப்பியது. 1944 ஜூனில் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படை இறங்கியபோது, இது ஏமாற்று, உண்மையான தாக்குதல் கலே பக்கம் வரும் என்று நம்பவைத்தவர்களில் இவன் முக்கியம். ஒரே வருஷத்தில் ஹிட்லரின் இரும்புச் சிலுவையும் கிடைத்தது, பிரிட்டிஷ் அரசரின் விருதும் கிடைத்தது.

இப்போது அவன் மனைவிக்கு வருகிறேன். அரசெலி. லிஸ்பனில் இருந்த காலத்தில் அமெரிக்கர்களிடம் இவனுக்காகப் பேசி வழி திறந்ததே அந்தம்மாதான். அப்படிப்பட்டவளை லண்டன் புறநகரில் ஒரு வீட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். ஆங்கிலம் வராது. யாரோடும் பழகக் கூடாது. கைக்குழந்தைகள். புருஷன் காலையில் போனால் ராத்திரிதான். மக்ரோனியும் உருளைக்கிழங்கும்தான் சாப்பாடு, மீன் கிடையாது என்று அவள் முறையிட்டது பிரிட்டிஷ் உளவுத்துறைக் கோப்பில் அப்படியே பதிவாகியிருக்கிறது. அம்மா வீட்டுக்கு ஒரு தடவை போய்விட்டு வருகிறேன் என்றாள். விடவில்லை. 1943 ஜூனில் பொறுமை போய்விட்டது. ஸ்பெயின் தூதரகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்றாள். சொல்லியிருந்தால் நார்மண்டி ஏமாற்று அன்றைக்கே முடிந்தது.

அதற்குத் திட்டம் போட்டது உளவுத்துறை இல்லை, புருஷன். உன்னால் உன் புருஷன் கைதாகிவிட்டான் என்று அவளிடம் சொல்லவைத்தான். மறுநாள் கண்ணைக் கட்டி ஒரு விசாரணை முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே கைதி உடுப்பில், முகம் மழிக்காமல் வந்து எதிரில் உட்கார்ந்தான். அவள் அழுதாள். இனி வாயே திறக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தாள்.

போர் முடிந்ததும் இருவரும் பிரிந்தார்கள். 1949இல் ஆப்பிரிக்காவில் மலேரியாவில் இறந்துவிட்டான் என்று சேதி போனது. அதுவும் பொய். வெனிசுவேலாவில் உயிரோடு இருந்தான். 1984இல் ஓர் எழுத்தாளர் தேடிக் கண்டுபிடித்தார்.

'அலைட்' படத்தில் புருஷன் மனைவியைச் சந்தேகப்படுவதுதான் கதை. நிஜத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. இருவரும் ஒரே பக்கம். அப்படியிருந்தும் அவளிடம்தான் ஆகப்பெரிய நாடகத்தை ஆடினான்.

அம்பை மைனி – சனி, மாலை 4:52

மீன் இல்லன்னு கோப்புல எழுதி வச்சிருக்கானுவளா! பாவம் அந்தப் பிள்ளை. எனக்குக் கல்யாணமாகி மூணு வருஷம் வடக்க ஒரு ஊர்ல இருந்தேன். வாய் பேச ஆள் கிடையாது, சப்பாத்தியும் உருளக்கிழங்கும். தூதரகம் பக்கத்துல இருந்திருந்தா நானும் போயிருப்பேன்.

பழைய ரேடியோ – சனி, மாலை 6:20

எல்லாரும் வெளிநாட்டுப் படத்தையே பேசிக்கொண்டு இருக்கிறீர்கள். நம் தமிழிலேயே ஒன்று இருக்கிறது. 'அந்த நாள்', 1954. ஏவி.எம். தயாரிப்பு, வீணை எஸ்.பாலசந்தர் இயக்கம். ஒரு பாட்டுக்கூட இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம். நான் ஜங்ஷனில் 30 வருஷம் ரேடியோ ரிப்பேர் பார்த்தவன். அதனால் இந்தப் படத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம், ஏனென்றால் கதாநாயகன் ரேடியோ இஞ்சினியர்.

1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டது உண்மை. கதை அந்த நாளில்தான் நடக்கிறது. படம் தொடங்கியதும் துப்பாக்கிச் சத்தம். கதாநாயகன் சிவாஜி செத்து விழுகிறார். 'பராசக்தி' வந்து 2 வருஷம்கூட முடியாத நேரம், பார்த்துக்கொள்ளுங்கள். யார் சுட்டது? சி.ஐ.டி. அதிகாரி வருகிறார். அந்த வேஷம் போட்டவர் ஜாவர் சீதாராமன், படத்தை எழுதியவரும் அவரே. மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுப் பிள்ளைவாள், இன்னொரு பெண், ஒவ்வொருத்தரும் அடுத்தவர் மேல் கையைக் காட்டுவார்கள். கேட்கக் கேட்க ஒரே ஆள் ஐந்து ஆளாக மாறுவான்.

மனைவி உஷாவாகப் பண்டரிபாய். காதலித்துக் கட்டியவள். புருஷன் ராத்திரி ரேடியோ அறையில் என்ன செய்கிறான் என்று அவளுக்குத் தெரியவரும் இடம் இருக்கிறதே, சிவாஜி முகத்தில் ஒரு பாதிதான் வெளிச்சம் இருக்கும். அந்தக் காலத்து வால்வு ரேடியோ போட்டதும் பேசாது. சூடேறி, மெல்ல ஒரு முனகல் வந்து, பிறகுதான் குரல் வரும். அந்த முனகலில் வயிறு கலங்கும், எதிர்முனையில் யார் என்று தெரியாததால். நான் ஆயிரம் பெட்டியைத் திறந்து மூடியவன், எனக்கே அப்படி.

அவன் ஜப்பானுக்குச் சேதி அனுப்புகிறான். ஏன் அனுப்புகிறான் என்பதற்கு அவன் ஒரு நியாயம் சொல்வான். தன் திறமையை இந்த நாடு மதிக்கவில்லை என்று. அதைச் சிவாஜி சொல்லும்போது ஒரு நிமிஷம் சரிதானோ என்று தோன்றிவிடும்.

70 வருஷமாச்சு. ஆனாலும் சுட்டது யார் என்று நான் சொல்லப்போவதில்லை.

தென்காசி சாரல் – சனி, மாலை 6:34

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

நெறியாளர் – சனி, மாலை 6:41

சாரல், தலைப்பைப் படிச்சீங்களா இல்லையா? ரேடியோ அய்யா அவ்வளவு பதவிசா சொல்லி வாய மூடுன பொறவு, ஏழே வார்த்தைல ரெண்டு படத்தோட முடிவையும் போட்டு ஒடச்சிருக்கீங்க. நாளைக்குக் காலைல வரை எழுத முடியாது.

மேலப்பாளையம் எக்ஸ்பிரஸ் – சனி, இரவு 8:05

ரேடியோ பெரியவருக்கு ஒரு கேள்வி. அந்தப் படத்துல ஜப்பானுக்குச் சேதி சொன்னவன் துரோகி. சரி. அதே காலத்துல ஜப்பான் நீர்மூழ்கியில வந்து எறங்குனவங்கள என்னன்னு சொல்லுவீங்க? வக்கம் அப்துல் காதர். திருவிதாங்கூர் பக்கம், மலேயாவுக்குப் பிழைக்கப் போனவர். நாட்டு விடுதலைக்காகப் பினாங்குல பயிற்சி எடுத்து 1942 செப்டம்பர்ல தானூர் கடற்கரையில வந்து எறங்குனாங்க. இறங்குன கையோட பிடிபட்டாச்சு. சென்னை ஜெயில்ல வச்சு 1943 செப்டம்பர் 10ஆம் தேதி தூக்கு, கூட இன்னும் 3 பேர். அவருக்கு வயசு 26. முந்தின ராத்திரி வாப்பாவுக்குக் கடுதாசி எழுதி வச்சிட்டுப் போனாரு. அவங்க உளவாளியா, தியாகியா? சரியா ஒரு மாசம் கழிச்சுத்தான் நீங்க சொல்லுற அந்தக் குண்டு விழுந்திருக்கு.

பழைய ரேடியோ – சனி, இரவு 9:40

தம்பி, நல்ல கேள்வி. உடனே பதில் எழுதவில்லை, யோசித்தேன்.

அவர்கள் தியாகிகள், அதில் எனக்கு ரெண்டாம் பேச்சு இல்லை. படத்துக்காரன் அவர்களை நினைத்து எழுதவில்லை. அவன் காட்டுவது தன் கோபத்துக்காக ஊரை விற்றவனை. ஆனால் 1943இல் உஷா மாதிரி ஒரு மனைவிக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்குமா? புருஷன் ராத்திரி ஜப்பான்காரனோடு பேசுகிறான். அவன் காசுக்குப் பேசுகிறானா, கொள்கைக்குப் பேசுகிறானா? ரெண்டுக்கும் ரேடியோ சத்தம் ஒன்றுதான். நீங்கள் கேட்ட பிறகு படத்தை மறுபடி பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

எங்கள் அம்மா சொல்வாள். 1942இல் ஜப்பான்காரன் வரப்போகிறான் என்று மெட்ராஸே காலியானதாம். மிருகக்காட்சி சாலையில் புலி சிங்கத்தையெல்லாம் சுட்டுவிட்டார்கள், கூண்டு உடைந்து ஊருக்குள் வந்துவிடும் என்று பயந்து. பாளையங்கோட்டையில் எங்கள் வளவுக்கு மட்டும் 3 குடும்பம் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியது. அதில் ஒருத்தர் எந்நேரமும் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோ கேட்பாராம். வளவுப் பெண்களெல்லாம் அவரை 'எம்டன்' என்றுதான் கூப்பிடுவார்களாம். முதல் போரில் மெட்ராஸில் குண்டு போட்ட கப்பலின் பெயர், ரெண்டாம் போரில் ஒரு அப்பாவி மனுஷனுக்கு வந்து சேர்ந்தது. கடைசியில் பார்த்தால் அவர் கேட்டது கச்சேரி.

பேட்டை பைபாஸ் – சனி, இரவு 9:58

வேறு ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள், அடுத்த வாரமும் மழை என்கிறார்கள்.

கொக்கிரகுளத்தான் – சனி, இரவு 10:10

இந்தில 'ராஸி', 2018. 1971 போர். பாகிஸ்தான் ராணுவக் குடும்பத்துக்குள்ள மருமகளாப் போற நம்ம ஊர் உளவாளிப் பொண்ணு. இதுல பொண்டாட்டிதான் வேவு பாக்கா, புருஷன் நல்லவன், அதான் கொடுமை. குடும்பத்தோட பாக்கலாம், ரிமோட் யார் கைல இருந்தாலும் பரவால்ல.

இன்னும் பழசு வேணும்னா ஹிட்ச்காக்கோட 'நட்டோரியஸ்', 1946. போர் முடிஞ்ச சமயத்துக் கதை. ஒயின் பாட்டிலுக்குள்ள யுரேனியம், ஒரு சாவி. அப்ப முத்தம் 3 விநாடிக்கு மேல கூடாதுன்னு தணிக்கை. ஹிட்ச்காக் என்ன செஞ்சாரு, ரெண்டு விநாடி முத்தம், ஒரு வார்த்தைப் பேச்சு, மறுபடி முத்தம்னு நிமிஷக் கணக்குல ஓட்டிட்டாரு. சட்டத்துக்குள்ளயே இருந்தாரு பாத்தீங்களா, வாய்தா மாதிரி ஆளு.

நைட் ஷிஃப்ட் – ஞாயிறு, காலை 8:30

டூட்டி முடிஞ்சு வந்து இப்பதான் எல்லாத்தையும் படிச்சேன். மைனி சொன்ன 'பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கான்' மனசுல நின்னுட்டு. எனக்கு அந்தப் படத்துல உறுத்துறது அதுக்கும் மேல. ரெண்டாம் பாதி முழுக்க நாம அவன் கண்ணு வழியா மட்டும்தான் பாக்கோம். அவ ஒத்தையில இருக்குற ஒரு நிமிஷத்தக்கூட நமக்குக் காட்ட மாட்டாங்க. மொராக்கோவுல அவ ஒண்ணு சொல்லுவா: நான் நடிக்கும்போது உணர்ச்சிய நெசமாவே வச்சுக்குவேன், அதனாலதான் யாரும் கண்டுபிடிக்கலன்னு. அத முதல்ல கேட்டப்போ கெட்டிக்காரின்னு நெனச்சேன். ரெண்டாந்தடவ பாத்தப்போ அந்த ஒரு வார்த்தையே போதும், அவ மனசத் தொறந்து சொல்லிட்டா, அவனுக்குத்தான் கேக்கலன்னு தோணுச்சு. முடிவப் பத்திப் பேச முடியாது, நெறியாளர் முறைப்பாரு.

சொதிப்பிரியன் – ஞாயிறு, காலை 9:05

சரி, இவ்வளவு சொல்லுதீங்க, நேத்து மறுபடி போட்டுப் பாத்தேன். கொட்டாவி வரல. போன தடவ தனியா பாத்தேன், இந்தத் தடவ கல்யாணமாயிட்டு. அதான்னு நெனைக்கேன். சப்டைட்டில் எழுத்தை மட்டும் பெருசாக்கி வச்சுக்கோங்க, பாதிப் பேச்சு முணுமுணுப்புதான். சத்தத்தைக் கூட்டி வச்சிட்டு உக்காந்தா திடீர்னு விமானத் தாக்குதல் வரும். எங்க பக்கத்து வீட்டு ஆச்சி இடி விழுந்துட்டுன்னு எந்திரிச்சு மெயினை அமத்திட்டா.

பழைய ரேடியோ – திங்கள், காலை 6:15

நீங்கள் எல்லாரும் சொல்கிறீர்களே என்று சனிக்கிழமை ராத்திரி நானும் வீட்டுக்காரியும் 'அலைட்' பார்த்தோம். பேரன் போனில் இருந்து டிவிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். கல்யாணமாகி 46 வருஷம், நாங்கள் சேர்ந்து பார்த்த முதல் இங்கிலீஷ் படம் இது. அவளுக்கு அவ்வளவு வேகமாகச் சப்டைட்டில் படிக்க வராது. கதையை நான் சொல்லச் சொல்லப் பார்த்தாள். மணல் புயலுக்கு நான் காப்பி போடப் போய்விட்டேன், கொக்கிரகுளத்தானுக்கு நன்றி.

அந்தப் போன் வரும் காட்சி. அவன் எழுதி வைத்துவிட்டு வந்து படுக்கிறான். பொண்டாட்டியைச் சோதிக்கிறான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே, 'நீங்க என்னைய எப்பயாவது இப்பிடிச் சோதிச்சிருக்கியளா?' என்றாள். இல்லவே இல்லை என்றேன். சத்தியமாகச் சொன்னேன்.

'நான் ஒங்களச் சோதிச்சிருக்கேன்' என்றாள்.

எப்போது, எதற்கு என்று கேட்டேன். படத்தைப் பாருங்க என்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கேட்டுப் பார்த்தேன். பாஸாகிவிட்டேனா என்றாவது சொல்லு என்றேன். சிரிக்கிறாள். இன்னும் சொன்னபாடில்லை.

அம்பை மைனி – திங்கள், காலை 6:40

அண்ணாச்சி, காப்பி ஒழுங்கா வருதுல்லா? அப்போ பாஸ்தான். இனிமே கேக்காதிய.